மூணாம் நம்பர் பம்பும் ஆசிட் மாவும்

டிசம்பர் 8, திங்கள்

பனி. எதிர் லைன்ல இருக்கிற வரிசை வீடே தெரியலை. ஹார்ன் அடிச்ச பிறகுதான் வேன் வந்து நிக்குதுன்னு தெரிஞ்சது. முட்டி வலி. தைலம் தீர்ந்து போச்சு, வாங்கணும்.

பிளான்ட்ல புது ஆள். பெங்களூர்ல இருந்து வந்திருக்கிற கெமிஸ்ட். மண்டியா பக்கமாம், தமிழை கன்னடத்துல முக்கி முக்கி எடுக்கிறார். என்னைப் பார்த்து, "ஏனம்மா, இந்த ஸ்க்ரப்பர் என்ன செய்யுது, தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் சார், புகையைக் குளிப்பாட்டுற கோபுரம் என்றேன். கரி எரிச்ச புகை கீழே நுழையுது, மூணு பம்பும் சுண்ணாம்புக்கல் தண்ணியை மேலே ஏத்தி மழையா ஊத்துது, கந்தகம் தண்ணியோட இறங்கிடுது, மிச்சப் புகை சிம்னிக்குப் போகுது. ஆனா இத்தனை வருஷத்துல ஒரு நாளும் அது ஒழுங்கா குளிச்சதில்லை சார், எங்க வூட்டுக்காரர் மாதிரி. சிரிச்சார். நல்ல மனுசன்.

அந்தத் தண்ணிக்கு இப்போ மாவு போடப் போறாங்க. ஆர்கானிக் ஆசிட். வெள்ளை மாவு, மூட்டை மூட்டையா வந்து இறங்கியிருக்கு. சுண்ணாம்புத் தண்ணி மேலே இருந்து விழுறதுக்குள்ள களைச்சுப் போகுதாம், கந்தகத்தைப் பிடிக்க முடியாம விட்டுடுதாம். இந்த மாவு சேர்த்தா கடைசி வரை களைக்காதாம். இதே மாவைச் சுத்தம் பண்ணி ஜெல்லி மிட்டாய்லகூட போடுறாங்களாம். இன்னையில இருந்து அவர் பேரு ஜெல்லி சார்.

மூட்டையை அறுத்து மேல் தொட்டியில கொட்டுற வேலை எனக்கு. தண்ணிக்குக் களைப்பு போக மாவு இருக்கு. மனுசிக்கு என்ன இருக்குன்னு கேட்டேன். மேஸ்திரி முறைச்சார்.

சாயங்காலம் வீட்டு வாசல்ல கால் வைக்கலை, வூ.கா. (வூட்டுக்காரர், இனிமே இப்படித்தான் எழுதுவேன், கை வலிக்குது) என் புடவையைப் பார்த்துட்டார். பூரா வெள்ளை.

"அங்கயே நில்லு மே. இன்னா அது?"

மாவு என்றேன். சயனைடும் மாவாத்தான் இருக்கும் என்றார். தங்க மைன்ஸ்ல இருந்தவங்களுக்கு வெள்ளையா எதைப் பார்த்தாலும் தங்கம் பிரிக்க மில்லுக்கு வர்ற சயனைடு டிரம்தான். ஜெல்லி மிட்டாய்ல போடுறதுன்னு சத்தியம் பண்ணினேன். நம்பலை. தெருக்குழாய்ல பச்சத் தண்ணியில தலையோட குளிச்ச பிறகுதான் உள்ளே விட்டார். பல்லு தந்தி அடிச்சுது. எதிர் வீட்டு ஸ்டெல்லா, என்னக்கா மலைக்கு மாலை போட்டுட்டியான்னு கேக்குறா.

டிசம்பர் 9, செவ்வாய்

வாங்க வேண்டியது: தைலம், பூண்டு, வூ.கா.க்கு மருந்து (பஃப் அடிக்கிறது), கற்பூரம், பழைய லுங்கி கிடைச்சா மாவு வேலைக்கு.

மாவு போட ஆரம்பிச்சு ரெண்டாம் நாள். கண்ட்ரோல் ரூம் போர்டுல சிம்னி வழியா போற கந்தகத்துக்குன்னு ஒரு சிவப்பு நம்பர் ஓடும். இறங்கிக்கிட்டே இருக்கு. ஜெல்லி சார் அதைப் போட்டோ புடிக்கிறார், பேரன் தவழ்ந்த மாதிரி.

டீ நேரத்துல மேஸ்திரி சொன்னது: இந்த மாவு நல்லா வேலை செஞ்சா மூணு பம்பு ஓட்ட வேண்டியதில்லை, ரெண்டு போதும். மூணாம் நம்பரை நிறுத்திடுவாங்க. கரண்ட் மிச்சம், ஆளும் மிச்சம்.

பகல் ஷிப்ட்ல மூணாம் நம்பரை ஓட்டுறது எங்க அண்ணன் தாமோதரன்.

அண்ணனுக்கு இது காதுல விழலை. பம்பு சத்தத்துல காது போய் ரொம்ப நாளாச்சு. எல்லாரும் தன்னையே பாக்குறாங்கன்னு மட்டும் தெரிஞ்சுது. இன்னா, இன்னான்னு கேட்டார். யாரும் சொல்லலை. நான் கிளாஸைக் கழுவப் போயிட்டேன்.

டிசம்பர் 10, புதன்

அண்ணன் வீட்டுக்கு வந்தார். பூதிகோட்டை சந்தையில வாங்கின அவரைக்காய் ஒரு பை. தோல்ல நல்லா எண்ணெய்ப் பசை ஏறின காய், கை பூரா வாசனை. பம்பு விஷயத்தை யாரோ சொல்லியிருக்காங்க, முகத்துல தெரிஞ்சுது. வூ.கா.வும் அவரும் உட்கார்ந்து கொட்டை உரிச்சாங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல மைன்ஸ் மூடி வீட்டுக்கு வந்தவங்க. வூ.கா.வுக்கு நெஞ்சுல தூசி, அண்ணனுக்கு அப்போ ஒண்ணும் இல்லை, இப்போ காது. ஒருத்தர் இருமுறார், அடுத்தவருக்கு அது கேட்கலை. நல்ல ஜோடின்னு சொன்னேன்.

கிளம்பும்போது என்னைக் குழாயடிக்குக் கூப்பிட்டார். ரகசியம் பேசுறாராம். காது கேட்காதவர் ரகசியம் எப்படி இருக்கும்.

"தினம் ரெண்டு மூணு மூட்டையை அறுக்காம ஓரமா வெச்சிடு வசந்தா. மாவு வேலைக்காவலைன்னு அந்த ஆளு போயிடுவான். இந்த வயசுல, இந்தக் காதோட, எனக்கு வேற எவன் வேலை குடுப்பான்?"

பார்க்கலாம் என்று கையைக் காட்டினேன். போயிட்டார். உள்ளே வந்தா வூ.கா. தலையைக் குனிஞ்சு அவரைக்காய் உரிக்கிறார். மருந்து அடிச்சுக்கிட்டீங்களான்னு கேட்டேன். ம்.

டிசம்பர் 11, வியாழன்

எல்லா மூட்டையும் கொட்டிட்டேன். மறைச்சு வெக்க மனசு வரலை. கீழே அண்ணன் பம்பு மேல கையை வெச்சு நிக்கிறார், மாட்டைத் தடவுற மாதிரி. மேலே பார்க்கலை.

மாரிகுப்பம் பக்கம், பிளான்ட் இருக்கிற திசையில இருந்து காத்து. அந்தக் காத்து வந்தா எங்க கோரமண்டல் லைனுக்குப் பட்டாசு வெடிச்ச வாடை வரும். வூ.கா. கதவைச் சாத்தித் துணியைச் சொருகுவார். இன்னைக்குக் கதவு திறந்தே இருந்துச்சு. வாசல்ல உட்கார்ந்து ஸ்டெல்லா புருஷனோட அரசியல் பேசினார், நடுவுல நிறுத்தாம. மாவுனாலயா, இல்லை காத்து மேலாப்புல போச்சான்னு எனக்கு எப்படித் தெரியும். மாவுன்னு வெச்சுக்கிறேன்.

அவரை சாம்பார். ராகி உருண்டை. உப்பு தூக்கல்.

டிசம்பர் 12, வெள்ளி

காலையில மாரிகுப்பத்துல அண்ணன் வேன்ல ஏறினார். என் பக்கத்துல இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தேன். என்னைப் பார்க்காம முன்னால போய் நின்னுக்கிட்டார். பிளான்ட் வரைக்கும் நின்னே வந்தார்.

மூட்டையை மிச்சம் வெச்சேன். வேற என்ன பண்ணுறது. மூணு மூட்டை. சுண்ணாம்புக்கல் தார்ப்பாயைப் போட்டு மூடினேன். மூடின பிறகு அது மேலயே உட்கார்ந்து சாப்பிட்டேன்.

சாயங்காலம் சிவப்பு நம்பர் ஏறிடுச்சு. ஜெல்லி சார் தண்ணியை எடுத்து எடுத்துப் பார்க்கிறார். சரக்கு கெட்டுப் போச்சான்னு கம்பெனிக்குப் போன் பண்ணி, அவங்க எதுவோ திட்ட, சரி சார், சரி சார். என்னைத் திட்டியிருந்தா எனக்கு நிம்மதி. எங்கிட்ட வந்து, "உங்களுக்கு மூச்சு கஷ்டமா இல்லையே அம்மா, மாஸ்க் புதுசு தரட்டுமா?" என்கிறார்.

திரும்பும்போது வேன்ல அண்ணன் எனக்கு இடம் போட்டு வெச்சிருந்தார்.

அசதி. தெருக்குழாய்ல குளிக்கும்போது அழுதா யாருக்கும் தெரியாது. அது ஒரு வசதி.

டிசம்பர் 13, சனி

காலையிலயே வாடை. வூ.கா. இருமி இருமி நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தார். கதவைச் சாத்தித் துணியைச் சொருகினேன். போமே, வேன் போயிடும் என்றார்.

போனா, ஜெல்லி சார் கணக்கை மாத்திட்டார். மாவு பத்தலை போல, இன்னைக்கு நேத்து போட்டதைப்போல ரெண்டு பங்கு போடணும். கூடவே இன்னொண்ணு: தார்ப்பாயை எல்லாம் எடுத்துட்டு மேல் தளத்தைச் சுத்தம் பண்ணச் சொல்லிட்டார் மேஸ்திரி, பெரிய ஆபீசர் வர்றாராம்.

தார்ப்பாய் கீழே என் மூணு மூட்டை.

எங்கே வைக்கிறது? தோள்ல போட்டுக்கிட்டு வீட்டுக்கா போக முடியும்? ரெண்டு பங்கோட சேர்த்து அதையும் அறுத்துக் கொட்டிட்டேன். கொட்டினது காணாமப் போயிடும்னு நினைச்சேன்.

கொஞ்ச நேரத்துல கோபுரத்து அடித் தொட்டி பொங்கிச்சு. பெரிய பெரிய நுரை, வழிஞ்சு, படியில இறங்கி, பம்பு ரூமுக்குள்ள போகுது. மேஸ்திரி காலு பூரா நுரை. நான் மேலே நின்னு பொங்கலோ பொங்கல் என்றேன். வாய் சும்மா இருக்காது எனக்கு. எல்லாரும் சிரிச்சாங்க.

அப்புறம் சத்தம். பம்பு தண்ணியை இழுக்காம நுரையை இழுத்தா கல்லை அரைக்கிற மாதிரி கத்தும். ஒண்ணாம் நம்பர் ஆளுக்குக் கேட்டுச்சு, உடனே நிறுத்திட்டான். ரெண்டாம் நம்பரும் நிறுத்திட்டான்.

அண்ணனுக்குக் கேட்கலை.

முதுகைக் காட்டி நின்னு நுரையைத் தள்ளிக்கிட்டிருக்கார் துடைப்பத்தால. நான் கத்தினேன், கத்தி என்ன. இந்த முட்டியோட அந்தப் படியில எப்படி இறங்கினேன்னு தெரியலை. வழுக்கி உட்கார்ந்து, எழுந்து, அவர் தோள்ல ஒரு அடி வெச்சேன். திரும்பிப் பார்த்து பொத்தானை அமுக்கினார். அதுக்குள்ள மூணாம் நம்பர்ல புகை. உள்ளே தண்ணியை அடைக்கிற சீல் கருகி, தண்ணி பீச்சி அடிக்குது.

அண்ணன் நுரைக்குள்ள நின்னு பம்பையே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ரெண்டு பேருக்கும் தெரியும் யார் பண்ணினதுன்னு.

ஜெல்லி சார், நுரை வரும்னு புஸ்தகத்துல போட்டிருக்கு, இவ்வளவு வரும்னு போடலையே என்று தலையைச் சொறிஞ்சார்.

டிசம்பர் 14, ஞாயிறு

லீவு. இடுப்பு பூரா ரத்தம் கட்டியிருக்கு. அண்ணன் வரலை. ஸ்டெல்லா கிறிஸ்துமஸ் பலகாரம் சுட வாணலி கேட்டு வந்தாள், என் நடையைப் பார்த்துட்டு வாத்து மாதிரி கீறியேக்கா என்கிறாள்.

வூ.கா.கிட்ட சொல்லிடலாம்னு ஆரம்பிச்சேன். அண்ணன் அன்னைக்குக் குழாயடியில ஒண்ணு கேட்டாருன்னு.

"லைன் பூரா கேட்டுச்சு மே. எனக்குக் கேட்காதா?"

அப்போ புதன்கிழமையில இருந்தே தெரியும். சும்மா அவரைக்காய் உரிச்சிருக்கார். நான் மூட்டையை மூடி வெச்சதும் தெரியும், நெஞ்சுதான் சொல்லிடுச்சே என்றார். ஏன் ஒரு வார்த்தை பேசலை என்றேன். பஃப்பை எடுத்து ஒரு தரம் அடிச்சுக்கிட்டார். பிறகு சொன்னார்:

"எனக்கு அந்த வாடை பழகிப் போச்சு. மச்சானுக்கு வேலை இல்லாம உட்கார்றது பழகாது. ஒருக்கா பார்த்தோமே."

அவரை எதையாவது சொல்லிக் கிண்டல் பண்ணணும்னு பார்த்தேன். பாத்திரம் தேய்ச்சேன், தேய்ச்ச பாத்திரத்தையே.

டிசம்பர் 15, திங்கள்

மூணாம் நம்பர் இல்லாமத்தான் இன்னைக்கு ஓடுச்சு. ரெண்டே பம்பு. ஜெல்லி சார் சொன்ன அளவு மூட்டை, ஒண்ணு கூடவும் இல்லை, குறையவும் இல்லை. சிவப்பு நம்பர் ஏறவே இல்லை. மூணு பம்பு ஓடினப்போகூட இவ்வளவு இறங்கினதில்லையாம்.

பிட்டர் வந்து பம்பைப் பிரிச்சுப் பார்த்தார். சீல், அச்சு எல்லாம் மாத்தணும். பெரிய ஆபீசர், ரெண்டுலயே ஓடுதே, எதுக்கு மாத்தணும் என்றார். அவ்வளவுதான். தார்ப்பாயைப் போட்டு மூணாம் நம்பரை மூடிட்டாங்க. என் தார்ப்பாய்.

மாவு வேலைக்காவாதுன்னு காட்டப் போய், பம்பு தேவையில்லைன்னு காட்டிட்டோம் அண்ணனும் நானும். இதைவிடப் பெரிய ஜோக்கு நான் சொன்னதில்லை.

ஜெல்லி சார் காலி சாக்கைப் பார்த்துட்டு நின்னார். சனிக்கிழமை நான் சொன்னதைவிட அதிகமா போட்டீங்களா அம்மா என்றார். கொஞ்சம் தாராளக் கை சார், எங்க வூட்டு சாம்பார்ல உப்பைக் கேளுங்க என்றேன். சிரிக்கலை. சரிம்மா, இனிமே சொன்ன அளவு போடுங்க என்று மட்டும் சொன்னார். தெரிஞ்சிருக்கும்.

டிசம்பர் 16, செவ்வாய்

மார்கழி பிறந்தாச்சு. கோயில் மைக் செட்டு விடியறதுக்கு முன்னாடியே. கோலம் போடக் குனிஞ்சேன், நிமிரக் கொஞ்ச நேரம் ஆச்சு.

மேஸ்திரி கூப்பிட்டார். தாமோதரனுக்கு வேற இடம் இல்லை. மாவு மூட்டைக்கு வேணும்னா போடலாம். அப்போ நீ நின்னுக்கோ வசந்தா, பொம்பளைக்கு மூட்டை தூக்குறது கஷ்டம்தானே. இத்தனை வருஷமா சுண்ணாம்புக்கல் பொடி, சாம்பல், துருப்பிடிச்ச இரும்பு எல்லாம் தூக்கினேன், அப்போ நான் பொம்பளைன்னு யாரும் கண்டுபிடிக்கலை. இப்பவாவது தெரிஞ்சுதே, சந்தோஷம் மேஸ்திரின்னு சொன்னேன்.

வேன்ல அண்ணன்கிட்ட கையால சொன்னேன்: என் இடம், உனக்கு. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்.

டிசம்பர் 17, புதன்

அண்ணன் வேலைக்கு வரலை. வேன் ஹார்ன் அடிச்சு அடிச்சுப் பார்த்துட்டுப் போச்சு. நானே கொட்டினேன். முடிஞ்சதும் வழியில மாரிகுப்பத்துல இறங்கி அவர் வீட்டுக்குப் போனேன். அண்ணி, நேத்தில இருந்து சாப்பிடலைன்னாங்க. சுவத்தைப் பார்த்துப் படுத்திருக்கார்.

அவர்கிட்ட எது பேசினாலும் கத்திப் பேசணும். மாரிகுப்பம் லைன் பூரா கதவைத் திறந்து வெச்சுக் கேட்டாங்க, டிவி போட்ட மாதிரி. உன் தங்கச்சி இடத்தை எப்படி எடுத்துக்கிறதுன்னுதானே வரலை என்று கத்தினேன். ஆமான்னு தலையாட்டினார். நான்தான் உன்னைக் கெடுத்தேன், மூட்டையை மறைக்கச் சொல்லாம இருந்திருந்தா பம்பாவது இருந்திருக்கும் என்றார். பம்பு எப்படியும் போயிருக்கும்ணா என்றேன். அது உண்மையான்னு எனக்கே தெரியாது.

கடைசியா சொன்னேன்:

"மூட்டையில ரெண்டு மூணு விடச் சொன்னே. வேலையில பாதி எடுத்துக்கோ. ஒரு நாள் நீ, ஒரு நாள் நான்."

மேஸ்திரி ஒத்துக்குவானா என்றார். ஒரு தலை வேணும் அவருக்கு, எந்தத் தலைன்னு அவருக்கு என்ன. அண்ணி சோறு போட்டாங்க. ரெண்டு பேரும் ஒரே தட்டை இழுத்துச் சாப்பிட்டோம், நான் பாவாடை கட்டின காலத்துல மாதிரி. வேற வேன் இல்லை. ரயில்ல வந்தேன். நிக்க இடம் இல்லை.

டிசம்பர் 18, வியாழன்

என் முறை. மேஸ்திரி ஒத்துக்கிட்டார். ஜெல்லி சார் நாளைக்கு பெங்களூர் போறார், இனிமே எப்பவாவது வந்து பார்ப்பாராம். நான் கிளம்பும்போது அந்த சிவப்பு நம்பரை நல்லா பார்த்துக்கோங்க அம்மா என்றார். ஒரு பொட்டலம் ஜெல்லி மிட்டாய் குடுத்தார். எல்லாரும் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி அவர் காதுக்கும் போயிடுச்சு போல. வெட்கமா போச்சு.

வூ.கா. மிட்டாயைத் தொடலை. ஸ்டெல்லா பிள்ளைங்க தின்னு ஒண்ணும் ஆகலைன்னு பார்த்த பிறகு ஒண்ணு எடுத்தார். சிவப்பு.

டிசம்பர் 19, வெள்ளி

அண்ணன் முறை. வீட்டுல நான்.

வேலை நாள்ல வீட்டுல இருந்து பழக்கமே இல்லை. துவைச்சேன், அரைச்சேன், மறுபடி கூட்டினேன். காத்து மாரிகுப்பம் பக்கம் இருந்துதான். வாசலுக்கு வர்றதும் போறதுமா மோந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். அண்ணன் மனசு இன்னும் அந்த தார்ப்பாய்க்குக் கீழேதான் இருக்கு. மூட்டையைப் பாதி அறுத்துப் பாதி விட்டா நம்பர் ஏறும். ஏறினா, மூணாம் நம்பரை சரி பண்ணுங்கன்னு சொல்லுவாங்க. அவருக்கும் அது தெரியும். மேலே பார்க்கிறதுக்கு ஜெல்லி சாரும் இல்லை.

பகல் போச்சு. வாடை இல்லை. வூ.கா. வாசல்ல உட்கார்ந்து அவரைக்காய் உரிச்சார், கதவு திறந்து, சொருகுற துணியை எடுத்து வெளியே காயப் போட்டு. என்ன மே, நாய் மாதிரி மோந்துக்கிட்டே கீற என்றார். அவரும் மூக்கை ஒரு தரம் தூக்கிப் பார்த்துட்டு, மறுபடி காயை எடுத்தார்.

பொழுது சாயும்போது வேன் எங்க லைன்ல நின்னுச்சு. அண்ணன் வீடு மாரிகுப்பத்துல. அதைத் தாண்டி இங்கே வந்து இறங்குறார். தலை, புருவம், மீசை, சட்டை பூரா வெள்ளை. ஒவ்வொரு மூட்டையையும் தலைகீழா கவுத்து, உதறி உதறிக் கொட்டியிருந்தாத்தான் அப்படி ஆகும். எனக்கே அவ்வளவு ஆனதில்லை.

வாசல்ல கால் வைக்கப் போனார். வூ.கா. கையை நீட்டினார்.

"அங்கயே நில்லு மச்சான்."

பச்சத் தண்ணி. அண்ணன் கத்தினது லைன் பூரா கேட்டுச்சு. நான் துண்டை எடுத்துக்கிட்டு ஓடினேன்.

நாளைக்கு என் முறை. தைலம் இன்னும் வாங்கலை.